பழைய ராணுவ ரைஃபிள் அசலா, ஒட்டுப்போட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லீ-என்ஃபீல்ட், மவுசர், மோசின்-நகாண்ட், அரிசாகா, காரண்ட் என்று உலகப் போர்களைப் பார்த்த ரைஃபிள்கள் இன்னும் ஏராளமாகக் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்க நினைப்பவர்களும், குடும்பச் சொத்தாக வந்ததை என்ன செய்வதென்று தெரியாதவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. வரிசை முக்கியமில்லை, முதல் கேள்வியை மட்டும் தாண்டிப் போகாதீர்கள்.

ரைஃபிள் கைக்கு வந்துவிட்டது. முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

உள்ளே தோட்டா இருக்கிறதா என்பதை. குழலை ஆள் இல்லாத பக்கம் திருப்பி, விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினைக் காலி செய்து, பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டைத் திறந்து, தோட்டா உட்காரும் சேம்பருக்குள் கண்ணாலும் பார்த்து விரலாலும் தடவிப் பாருங்கள். பல வருடமாக மூலையில் கிடந்ததுதானே என்று அலட்சியமாக இருக்க வேண்டாம், யாரோ போட்டுவிட்டு மறந்துபோன தோட்டா அப்படிக் கிடந்த துப்பாக்கியில்தான் இருக்கும். அப்புறம் போல்ட்டைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு. உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றமாகும் இடங்கள் உண்டு, அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, எதையும் துடைத்துப் பளபளப்பாக்க வேண்டாம். பழைய கிரீஸ், இடுக்கில் உறைந்த அழுக்கு, திருகுத் தலையில் படிந்த கறுப்பு எல்லாமே சாட்சி. அந்தத் திருகை ஐம்பது வருடமாக யாரும் தொடவில்லை என்பதை அந்த அழுக்குதான் சொல்லும்.

'அசல்' என்றால் சரியாக என்ன?

இங்கேதான் பாதிக் குழப்பம். ஒரு ராணுவ ரைஃபிள் தொழிற்சாலையை விட்டு வந்தபடியே நம் கைக்கு வந்து சேர்வது அரிது. படையில் இருக்கும்போது குழல் தேய்ந்திருக்கும், மாற்றியிருப்பார்கள். மரக்கட்டை பிளந்திருக்கும், வேறு போட்டிருப்பார்கள். போர் முடிந்ததும் மொத்தமாகப் பிரித்துச் செப்பனிட்டு மறுபடி கிடங்கில் வைத்திருப்பார்கள். பிறகு யாரோ ஒருவர் வாங்கி வேட்டைக்கு ஏற்றபடி அறுத்திருப்பார். அதற்கும் பிறகு இன்னொருவர் வாங்கி, பழையபடி ஆக்கி, 'ஒரிஜினல்' என்று விற்கிறார்.

ஆகவே ஒவ்வொரு பாகத்தையும் பார்த்துக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எப்போது இப்படி ஆனது, யார் கையால் ஆனது? தொழிற்சாலையிலா, ராணுவப் பட்டறையிலா, அதற்குப் பிறகா? முதல் இரண்டும் அந்த ரைஃபிளின் வரலாறு. மூன்றாவதில்தான் அலங்காரமும் ஏமாற்றும் வரும்.

'நிலை' என்பது தனிக் கணக்கு. எல்லாப் பாகமும் அசலாக இருந்தும் குழல் துருப்பிடித்துப் போயிருக்கலாம். கலந்து கட்டிய ரைஃபிளில் குழல் கண்ணாடி மாதிரி மின்னலாம். இரண்டையும் சேர்த்து ஒரே மதிப்பெண் போடுகிறவர் பேச்சை நம்ப வேண்டாம்.

எண்கள் எல்லாம் பொருந்துகின்றன. அப்படியானால் அசல்தானே?

இருக்கலாம். ஆனால் எண் பொருந்துவது ஆரம்பம் மட்டும்தான், அதோடு ஒவ்வொரு நாடும் எண் போட்ட முறையும் வேறு.

பழைய லீ-என்ஃபீல்ட், அதாவது எஸ்எம்எல்இ மார்க் 3 வகையில் குழலும் போல்ட்டும் பொருந்தும் உடற்பகுதியான ரிசீவரின் முன்வளையம், குழல், போல்ட் கைப்பிடியின் பின்புறம், குழல்வாய்ப் பக்கத்து இரும்பு மூடியான நோஸ் கேப், குறிபார்க்கும் பின்சைட் இலையின் அடிப்பக்கம், முன்கட்டையின் அடி என்று பல இடத்தில் ஒரே எண் இருக்கும். நோஸ் கேப்பும் சைட்டும் பலர் பார்க்காமல் விடும் இடங்கள். ஜெர்மானிய மவுசரான கார்98கே ரைஃபிளில் இன்னும் கடுமை: ரிசீவரிலும் குழலிலும் முழு எண், சின்னச் சின்னப் பாகங்களிலும் திருகுகளிலும்கூட கடைசி இரண்டு இலக்கம். அவர்கள் எண்ணை நான்கு இலக்கத்துக்குள் வைத்து, முடிந்ததும் ஓர் எழுத்தைச் சேர்த்து மறுபடி ஆரம்பித்தார்கள். ஆகவே எண்ணோடு அந்தச் சிறிய எழுத்தும் பொருந்த வேண்டும். எண் ஒன்று, எழுத்து வேறு என்றால் அது வேறு ரைஃபிளின் பாகம்.

அமெரிக்க எம்1 காரண்ட்டில் கதையே வேறு. சீரியல் எண் ரிசீவரில் மட்டும்தான். மற்ற பாகங்களில் இருப்பது வரைபட எண், அதாவது அந்தப் பாகத்தின் எந்தத் திருத்த வடிவம் என்று சொல்லும் எண். அதனால் 'எல்லா எண்ணும் பொருந்தும் காரண்ட்' என்று யாராவது விளம்பரம் செய்தால் அவருக்குத் துப்பாக்கி தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அதில் பார்க்க வேண்டியது, ரிசீவர் செய்யப்பட்ட காலத்துக்கு உரிய வடிவப் பாகங்கள் இருக்கின்றனவா, குழலில் பொறித்த மாதமும் ஆண்டும் ஒத்து வருகின்றனவா என்பதை. குழலின் தேதி ரிசீவரின் காலத்துக்குச் சற்று முன்னால் இருப்பது இயல்பு. பத்து வருடம் பின்னால் இருந்தால் குழல் மாற்றியது.

ரஷ்ய மோசின்-நகாண்ட்டில் குழலின் அடிப்பாகம், போல்ட், மேகசின் அடித்தட்டு, கட்டையின் பின்முனைத் தகடான பட் பிளேட் ஆகிய நான்கிலும் எண் வரும். வெளியே தெரியும் ஆண்டு குழலுடையது. ரிசீவரின் சொந்த ஆண்டு அதன் வால்பகுதியின் அடியில், கட்டைக்குள் ஒளிந்திருக்கும். பின்லாந்தின் மோசின் வகையான எம்39 ரைஃபிள் ஒன்றைப் பிரித்தால் வெளியே 1940களின் குழலும் உள்ளே 1890களின் ரிசீவரும் இருப்பது சகஜம். அது மோசடியே கிடையாது, அவர்கள் அப்படித்தான் கட்டினார்கள்.

எண்ணைப் பிறகு அடித்தார்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, சாய்வாக விழும் வெளிச்சம் ஒன்று, இரண்டும் போதும்.

இரும்பில் அச்சு அடித்தால் இடம்பெயர்ந்த உலோகம் எழுத்தைச் சுற்றி மேடாக எழும்பும். அச்சுக்குப் பிறகு மெருகிட்டு நிறமேற்றியிருந்தால் அந்த மேடு தேய்ந்துபோயிருக்கும், பள்ளத்துக்குள்ளும் அதே நிறம் இருக்கும். பழைய நிறத்தின் மேல் புதிதாக அடித்த எண்ணில் விளிம்பு கூர்மையாகத் தூக்கி நிற்கும், பள்ளத்துக்குள் வெள்ளை இரும்பு மின்னும். அதை மறைக்கக் குளிர் ப்ளூயிங் என்ற, இரும்புக்குக் கருநீலம் ஏற்றும் திரவம் தடவுவார்கள், அது சுற்றியுள்ள நிறத்தோடு முழுசாக ஒட்டாது. ஒரு எச்சரிக்கை, ராணுவமே நிறமேற்றிய பிறகு அடித்த முத்திரைகளும் உண்டு. அதனால் ஒரே ஒரு மேட்டைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள்.

அடுத்து எழுத்துரு. ஒரே தொழிற்சாலையில் ஒரே காலத்தில் அடித்த 4, 7, 9 ஆகியவற்றின் வால்களும் வளைவுகளும் ஒன்றுபோல இருக்கும். போல்ட்டில் உள்ள 4க்கும் ரிசீவரில் உள்ள 4க்கும் தலை மூடியா திறந்தா என்று பாருங்கள். எண் இருக்கும் இடம் மட்டும் லேசாகப் பள்ளமாக இருந்தால் பழைய எண்ணை அரைத்து எடுத்திருக்கிறார்கள். விரல்நகத்தை அந்த இடத்தில் இழுத்தாலே தெரியும், கண்ணைவிட நகம் கூர்மை.

சோவியத் கிடங்குகளில் இதையே ஒளிவுமறைவின்றிச் செய்தார்கள். பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புதிய எண்ணைப் பொறிப்பார்கள், அல்லது மின்பேனாவால் கிறுக்குவார்கள். 'கட்டாயப் பொருத்தம்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இதைத்தான். அதை அப்படிச் சொல்லி விற்றால் குற்றமில்லை. தொழிற்சாலைப் பொருத்தம் என்று சொல்லி விற்றால்தான் தப்பு.

ராணுவப் பட்டறையில் செப்பனிட்டது என்றால் மதிப்புக் குறைவா?

தொழிற்சாலை நிலையில் தொடாமல் இருப்பதைவிடக் குறைவு, அவ்வளவுதான். ஆனால் பலர் இதைக் குறையாகவே பார்க்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. சோவியத் படை கைப்பற்றிய கார்98கே ரைஃபிள்களைப் பிரித்து, பாகங்களைக் கலந்து, கட்டைக்குச் செல்லாக் என்ற அரக்கு மெருகு பூசி, மின்பேனாவால் எண் எழுதி, ரிசீவரில் ஒரு பெருக்கல் குறி அடித்துக் கிடங்கில் அடுக்கினார்கள். அந்தப் பெருக்கல் குறிக்குப் பின்னால் ஒரு போர் முழுக்க இருக்கிறது. பிரிட்டிஷ் ரைஃபிளில் எஃப்டிஆர் என்ற மூன்றெழுத்து இருந்தால் தொழிற்சாலையில் முழுப் பழுதுபார்ப்பு நடந்திருக்கிறது, பக்கத்திலேயே ஆண்டும் இருக்கும். இந்தியாவின் இஷாப்பூர் ஆலையில் பழுதுபார்த்த லீ-என்ஃபீல்ட்களில் முன்கட்டை பிளக்காமல் இருக்கக் குறுக்கே ஒரு திருகு போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் யாரோ கட்டையைக் கெடுத்துவிட்டார்கள் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்கள், அது படையே செய்த வேலை.

முத்திரைகளிலிருந்து என்னென்ன தெரியும்?

நிறைய. எஸ்எம்எல்இயில் பின்கட்டை ரிசீவரோடு பொருந்தும் இடமான பட் சாக்கெட்டின் வலப்பக்கம் கிரீடம், அரசரின் பெயரெழுத்து, தயாரித்தவர், ஆண்டு, மாடல் எல்லாம் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும். இந்த ஐந்தும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. கைபர் கணவாய்ப் பக்கத்துப் பட்டறைகளில் கையால் செய்த நகல்கள் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்: விக்டோரியா அரசி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார், அவருடைய பெயரெழுத்து போட்டு 1910 என்று ஆண்டு போட்டிருப்பார்கள். ஆங்கில எழுத்துகள் தலைகீழாகவோ கண்ணாடியில் பார்த்த மாதிரியோ இருக்கும், வரிகள் கோணியிருக்கும். வேலைப்பாட்டைப் பார்த்தால் அசந்துபோவீர்கள், ஆனால் எஃகு எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. சுவரில் மாட்டலாம், சுடக் கூடாது.

மார்க் 3 நட்சத்திர மாடல் 1916 தொடக்கத்தில் வந்தது. போர்க்கால அவசரத்தில் தொலைதூரக் கூட்டுச் சூட்டுக்கான வாலி சைட்டையும், மேகசினை அடைக்கும் கட்-ஆஃப் தகட்டையும் விட்டுவிட்டார்கள். 1918 என்று ஆண்டு போட்ட ஒரு நட்சத்திர மாடலில் பளிச்சென்று வாலி சைட் இருந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். இப்போது புதிதாகச் செய்து விற்கும் பாகம் அது.

பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கு அகன்ற அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டி நின்றால் படையிலிருந்து விற்கப்பட்டது என்று பொருள். டிபி என்று பெரிதாக அடித்திருந்தால் அணிவகுப்புப் பயிற்சிக்கு ஒதுக்கிய துப்பாக்கி, சுடுவதற்கு இல்லை. டிபி எழுத்தை அரைத்து எடுத்துவிட்டு விற்பவர்கள் உண்டு. ரிசீவர், குழல், கட்டை, போல்ட் என்று பல இடத்தில் அடித்திருப்பார்கள், எல்லா இடத்தையும் அரைக்க யாருக்கும் பொறுமை இருக்காது. எங்காவது ஒன்று மிஞ்சியிருக்கும்.

ஜெர்மானிய ரைஃபிளில் தொழிற்சாலைப் பெயருக்குப் பதில் ரகசியக் குறியீடு. ஓபெர்ன்டோர்ஃபில் இருந்த மவுசர் ஆலைக்கு முதலில் எஸ்/42, பிறகு 42, 1941இலிருந்து பிஒய்எஃப். ஆண்டும் குறியீடும் சேரவில்லை என்றால் அங்கேயே நின்று யோசியுங்கள்.

ஜப்பானிய அரிசாகாவில் ரிசீவரின் மேல் பதினாறு இதழ் சாமந்திப் பூ, பேரரசரின் சின்னம். சரணடைந்த ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றில் அதை அரைத்து அழித்துவிட்டார்கள். பூ முழுதாக இருப்பவை போர்க்களத்திலேயே கைப்பற்றப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் விலையும் அதிகம்; விலை அதிகம் என்பதாலேயே பூவைப் புதிதாகப் பொறிக்கும் கைகளும் உண்டு. இதழ்களின் ஆழம் சமமாக இருக்கிறதா, ரிசீவர் வளையம் அந்த இடத்தில் தட்டையாகிவிட்டதா என்று பாருங்கள்.

ப்ளூயிங் பழையதா, மறுபடி போட்டதா?

துருக்குழிக்குள் எட்டிப் பாருங்கள். குழிக்குள்ளும் அழகான கருநீலம் இருந்தால் துரு முதலில், நிறம் பிறகு. இதைவிட நேரடியான சாட்சி இல்லை.

மீதி எல்லாம் மெருகுச் சக்கரத்தின் அடையாளங்கள். கூராக இருக்க வேண்டிய விளிம்புகள் உருண்டிருக்கும், திருகுத் துளைகளின் வாய் கிண்ணம்போலக் குழிந்திருக்கும், முத்திரைகளின் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் கரைந்தும் இருக்கும். தேய்மானம் எங்கே இருக்கிறது என்பதும் பேசும். நிஜமாகப் பயன்பட்ட ரைஃபிளில் போல்ட் கைப்பிடி, மேகசின் அடி, கை பிடித்துத் தூக்கும் நடுப்பகுதி, குழல்வாய் ஆகிய இடங்களில் நிறம் போயிருக்கும். கை படாத இடுக்கில் போயிருந்து கை படும் இடத்தில் புதிதாக இருந்தால் கதை தலைகீழ். காரண்ட் மாதிரியான ரைஃபிளில் ப்ளூயிங்குக்குப் பதில் பார்க்கரைசிங் என்ற சாம்பல் நிறப் பாஸ்பேட் பூச்சு. அதைப் பளபளக்கும் கறுப்பில் பார்த்தால் யாரோ பின்னாளில் 'அழகு' பார்த்திருக்கிறார்.

கட்டை? அதில் ஏமாற்ற முடியுமா?

இரும்பைவிடச் சுலபமாக.

முதலில், உப்புத்தாள். ராணுவக் கட்டையில் மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கும்படி செய்திருப்பார்கள். பட் பிளேட்டின் ஓரம் மரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால் மரத்தைத் தேய்த்திருக்கிறார்கள். ஆய்வு முத்திரைகள் மங்கிப்போய், ஆனால் மரம் மட்டும் நேற்றுச் செய்தது போல வழவழவென்று இருந்தாலும் அதே கதைதான். பழைய கட்டைகள் பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய் ஊறியவை, மங்கலான மினுக்கம்தான் இருக்கும். பிளாஸ்டிக் போல மின்னினால் வார்னிஷ். சோவியத் செல்லாக் மட்டும் இதற்கு விதிவிலக்கு.

இரண்டாவது, குழலையும் முன்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் வளையப் பட்டையைக் கழற்றி அதன் அடியில் பாருங்கள். அமெரிக்க வீரர்கள் கைப்பற்றிய ரைஃபிளைப் பையில் அடக்கிக் கொண்டுபோக முன்கட்டையை அந்தப் பட்டைக்கு அடியில் அறுத்திருப்பார்கள், 'டஃபல் வெட்டு' என்பார்கள். மறுபடி பொருத்திப் பட்டையைத் தள்ளிவிட்டால் வெளியே தெரியவே தெரியாது. வெட்டு இருப்பது சேதம்தான், விலை குறையும். ஆனால் போரிலிருந்து நேராக வீட்டுக்கு வந்த ரைஃபிள் என்பதற்கு அதுவே ஓரளவு ஆதாரமும்கூட.

மூன்றாவது, பிளவுகள். ரிசீவரின் வாலுக்குப் பின்னால், கைப்பிடிக் கழுத்தில், எஸ்எம்எல்இயில் பின்னுதையைத் தாங்கும் உள்பக்க முட்டுகளில் பாருங்கள். கடைசியில் சொன்னது கழற்றினால்தான் தெரியும். வெளிப்பிளவை மரத்தூளும் பசையும் வைத்து அடைத்திருந்தால் சாய்வு வெளிச்சத்தில் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி மினுங்கும்.

பட் பிளேட்டையும் கழற்றுங்கள். சுவிஸ் கே31 ரைஃபிளில் அதை வைத்திருந்த வீரரின் பெயரும் படைப்பிரிவும் எழுதிய சீட்டு அதன் அடியில் அடிக்கடி கிடைக்கிறது.

வேட்டைக்காக அறுத்ததைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள் என்று சந்தேகம். எங்கே பார்ப்பது?

ரிசீவரின் மேலும் பக்கத்திலும் டெலஸ்கோப்புக்காகப் போட்ட துளைகளை அடைத்த வட்டங்களைத் தேடுங்கள். குழலின் நீளத்தை அளந்து அந்த மாடலின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். சைட்டைச் சுற்றி வெள்ளி சேர்த்துப் பற்றவைத்த தடம் இருக்கிறதா? கட்டைக்கும், குழலின் மேல்பக்கத்தை மூடும் ஹேண்ட்கார்டுக்கும் ஒரே மரம், ஒரே வயசு, ஒரே அழுக்கா? கட்டையின் உட்பள்ளத்தில் இரும்பு பதிந்த கறை அந்த இரும்பின் வடிவத்தோடு ஒத்துப்போகிறதா? வெளியே பார்த்துப் பழைய கட்டை என்று நினைத்தது உள்ளே வெளேரென்று இருந்தால் போன வருடம் செய்தது.

குழலின் உள்பக்கத்தை எப்படி மதிப்பிடுவது?

சுத்தம் செய்துவிட்டு. மேலே துடைக்காதே என்று சொன்னது வெளிப்பக்கத்துக்கு. பல வருடக் கிரீஸும் கரியும் செம்பும் படிந்த குழலை அப்படியே பார்த்து 'போய்விட்டது' என்று தள்ளினால் நல்ல குழல் கைவிட்டுப் போகும், அதேபோல நிறைய எண்ணெய் விட்ட குழல் குழிகளை மறைத்து மின்னும்.

போல்ட் பக்கத்திலிருந்து துடைத்த பிறகு, எதிர் முனையில் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். குண்டைச் சுழற்றிவிடும் முறுக்கு வரிகளின் விளிம்பு கூராக இருக்கிறதா, பள்ளங்களில் பனிபடர்ந்த மங்கலா, அல்லது தனித்தனிக் குழிகளா? மங்கல் மட்டும் இருந்து வரிகள் கூராக இருந்தால் பெரும்பாலும் நன்றாகவே சுடும். வரியின் மேல்பரப்பையே அரித்த குழிகள் என்றால் அவ்வளவு நம்பிக்கை வேண்டாம். உள்ளே ஓர் இடத்தில் கறுத்த வளையம் தெரிந்தால் அது வீக்கம். குழலில் ஏதோ அடைத்திருக்கும்போது யாரோ சுட்டிருக்கிறார். வெளிப்பக்கம் விரலால் தடவினாலும் அந்த இடத்தில் மேடு தட்டுப்படலாம். வீங்கிய குழலை நான் வாங்கமாட்டேன், விலை எவ்வளவு குறைந்தாலும்.

குழல் இரண்டு முனையில் தேயும். சேம்பருக்கு முன்னால் இருக்கும் தொண்டைப் பகுதி சூட்டால் அரிக்கும், குழல்வாய் சுத்தம் செய்யும் கம்பியாலும் கயிற்றாலும் தேயும். துல்லியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான், அதாவது சுட்டதைவிடத் துடைத்ததால் கெட்ட ரைஃபிள்கள் அதிகம். வாயில் ஒரு டம்மி தோட்டாவின் முனையை நுழைத்துப் பார்ப்பது பழைய வழக்கம். தோட்டாக் கூட்டின் வாய் வரை முழுசாக விழுங்கிவிட்டால் தேய்ந்தது. மருந்து நிரப்பிய தோட்டாவை வைத்து இதைச் செய்யவே கூடாது. இது குத்துமதிப்பான சோதனைதான், கேஜ் என்ற அளவுகோல் வைத்து அளப்பதற்கு ஈடாகாது.

பல மோசின்களில் தேய்ந்த வாயைச் சரிசெய்யக் குழல்வாயின் உள்ளே கொஞ்ச தூரம் அகலமாகக் குடைந்திருப்பார்கள், அங்கே முறுக்கு வரி இருக்காது. அது பட்டறை வேலை. மேலே சொன்ன தோட்டாச் சோதனை அதில் பலிக்காது.

இன்னொரு குழப்பம்: இரண்டே பள்ளம் உள்ள குழலைப் பார்த்து மற்ற வரிகள் தேய்ந்துவிட்டன என்று நினைப்பவர்கள் உண்டு. போர்க்காலத்தில் நம்பர் 4 லீ-என்ஃபீல்டிலும் அமெரிக்க 1903ஏ3யிலும் வேலையைக் குறைக்க இரண்டு பள்ளத்தோடே செய்தார்கள். நன்றாகச் சுடும்.

சுவீடனின் எம்/96 மவுசரில் இந்தத் தலைவலியே குறைவு. கட்டையின் வலப்பக்கத்தில் பித்தளை வட்டு ஒன்றில் குழலின் உள்விட்டம், துருவின் அளவு எல்லாவற்றையும் படையின் ஆயுதத் தொழிலாளியே குறித்து வைத்திருப்பார். வட்டு பொருத்திய பிறகு என்ன நடந்தது என்பதை மட்டும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை ரைஃபிள்களின் குழல் ஏன் கறுத்துப் போயிருக்கிறது?

பழைய ராணுவத் தோட்டாக்களில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடு மிஞ்சும், சமையல் உப்பின் உறவுக்கார உப்பு, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். எண்ணெயில் உப்புக் கரையாது. வெந்நீர் ஊற்றிக் கழுவாமல் எண்ணெய் மட்டும் தடவி வைத்தவர்களின் குழல்கள்தான் அவை.

இதைச் சுடலாமா?

அசலா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. தகுதியுள்ள துப்பாக்கித் தொழிலாளி ஹெட்ஸ்பேஸ் பார்க்காமல் வேண்டாம். போல்ட் முகத்துக்கும், சேம்பரில் தோட்டா முட்டி நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி அது. கூடினால் கூடு கிழிந்து சூடான வாயு பின்னால் வரும். லீ-என்ஃபீல்டின் 303 தோட்டாவுக்கு விளிம்பு உண்டு, அதில்தான் முட்டி நிற்கும், ஆகவே இடைவெளி 0.064 முதல் 0.074 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். நம்பர் 4 ரைஃபிளில் இதைச் சரிசெய்யவே 0, 1, 2, 3 என்று எண் போட்ட வெவ்வேறு நீள போல்ட் தலைகள் வைத்திருந்தார்கள். வேறு ரைஃபிளின் போல்ட்டை எடுத்துப் போட்டால் இந்தக் கணக்கு குலைந்துபோகும் என்பதால்தான் போல்ட் எண் பொருத்தத்தை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

சில ரைஃபிள்களை நல்ல நிலையில் இருந்தாலும் சுடாமல் இருப்பதே நல்லது. அமெரிக்க எம்1903இல் ஸ்பிரிங்ஃபீல்ட் ஆலையில் செய்ததில் 8,00,000க்கும், ராக் ஐலண்டில் செய்ததில் 2,85,507க்கும் குறைவான சீரியல் எண் உள்ள ரிசீவர்கள் பழைய வெப்பப் பதப்படுத்தலில் செய்தவை. எஃகின் சூட்டைத் தொழிலாளிகள் கண்ணால் பார்த்தே தீர்மானித்தார்கள், சில ரிசீவர்கள் அதிகம் சூடாகி நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டன. எது அப்படி என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. ஜப்பானியப் பயிற்சி ரைஃபிள்கள் இன்னும் மோசம்: அரிசாகா மாதிரியே தோற்றம், ஆனால் வார்ப்பிரும்பு ரிசீவர், முறுக்கு வரியில்லாத குழல், வெற்றுத் தோட்டாவுக்கு மட்டும்.

ஸ்னைப்பர் ரைஃபிள் என்கிறார்கள்.

நம்பாமல் ஆரம்பியுங்கள். சாதாரண ரைஃபிளைவிடப் பல மடங்கு விலை கிடைப்பதால் போலிகள் அதிகம். லீ-என்ஃபீல்டின் ஸ்னைப்பரான நம்பர் 4 (டி) வகையில் டெலஸ்கோப்பின் எண் கட்டைக் கழுத்தில் பொறித்திருக்க வேண்டும், பட் சாக்கெட்டின் இடப்பக்கத்தில் டி எழுத்து இருக்க வேண்டும், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம் மாற்றியமைத்ததானால் கட்டையின் அடியில் எஸ்51 குறியீடு இருக்கும். பியு டெலஸ்கோப் மாட்டிய மோசின் ஸ்னைப்பரில் டெலஸ்கோப்பின் எண் குழலின் இடப்பக்கம் வரும். ஸ்னைப்பராக இருந்து சாதாரணமாக மாற்றிய மோசின்களும் உண்டு, ரிசீவரின் இடப்பக்கத்தில் அடைத்த துளைகள் தெரியும். அப்படிப்பட்டதைத் திரும்பத் துளைத்து டெலஸ்கோப் மாட்டுவதும் நடக்கிறது.

'இது நார்மண்டியில் கைப்பற்றியது' என்ற கதைக்கு விலை கொடுக்கலாமா?

காகிதம் இருந்தால். அமெரிக்க வீரர்கள் கொண்டுவந்த பொருளுக்கு அதிகாரி கையெழுத்திட்ட அனுமதிச் சீட்டு இருந்தது, அதில் சீரியல் எண் எழுதியிருந்து ரைஃபிளோடு ஒத்துப்போனால் நல்ல ஆதாரம். எண் இல்லாமல் 'ஒரு ஜெர்மன் ரைஃபிள்' என்று மட்டும் இருக்கும் சீட்டை எந்த ரைஃபிளோடும் சேர்த்து விற்கலாம்.

'90 சதவீத நிலை' என்று விளம்பரத்தில் போடுகிறார்களே?

வெளிப்பூச்சு எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்பதுதான் அது பெரும்பாலும். குழலைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மறுபடி நிறமேற்றிய ரைஃபிளும் நூறு சதவீதம்தான். எந்தப் பூச்சு, எப்போது போட்டது என்று திருப்பிக் கேளுங்கள்.

படங்களை மட்டும் பார்த்து வாங்கலாமா?

வாங்கலாம், படங்களை நீங்கள் கேட்டு வாங்கினால். விற்பவர் காட்டும் முழு நீளப் படங்கள் அழகுக்கு. நீங்கள் கேட்க வேண்டியவை எண் இருக்கும் ஒவ்வொரு இடத்தின் நெருக்கப் படம், இரண்டு பக்க வெளிச்சத்திலும் எடுத்த ரிசீவர் முத்திரை, குழல்வாய் நேராக, சேம்பர் பக்கத்திலிருந்து குழலின் உள்ளே, வளையப் பட்டையைத் தள்ளி அதன் அடி, பட் பிளேட் ஓரம், திருகுத் தலைகள். கடைசியில் சொன்னதை யாரும் கேட்பதில்லை, ஆனால் காடிகள் கிழிந்த திருகுகள் நிறையத் தடவை கைவைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடும். குழலுக்குள் படம் எடுக்கத் தெரியாது என்று சொல்பவரிடம் விலையில் இருண்ட குழலுக்கான தொகையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள்.

துரு இருக்கிறது. என்னதான் செய்யலாம்?

செந்துருவை மட்டும் நிறுத்துங்கள். மெல்லிய எண்ணெயில் சில நாள் ஊறவிட்டு, மிக மெல்லிய வெண்கல நூலால் அழுத்தாமல் தேய்த்தால் செந்துரு வரும், அடியில் இருக்கும் நிறமும் பழுப்புப் படிவும் நிற்கும். முதலில் வெளியே தெரியாத இடத்தில் தேய்த்துப் பாருங்கள். கட்டையை ஈரமில்லாத துணியால் துடைத்தால் போதும், மிகவும் காய்ந்திருந்தால் ஆளிவிதை எண்ணெய் சில துளி. மணல் வீச்சு, கம்பிச் சக்கரம், உப்புத்தாள், மறு ப்ளூயிங் எதுவும் வேண்டாம். ஒருமுறை போன மேல்பரப்பு திரும்ப வராது.

எல்லாம் பொருந்துகிறது, போல்ட் எண் மட்டும் வேறு. அதே எண்ணுள்ள போல்ட்டைத் தேடலாமா, இல்லை எண்ணை மாற்றலாமா?

தேடலாம், கிடைப்பது குதிரைக்கொம்பு. அதிர்ஷ்டம் இருந்தால் எங்கோ ஒரு பெட்டியில் கிடக்கும், கிடைத்ததும் ஹெட்ஸ்பேஸ் பாருங்கள். எண்ணை அரைத்துப் புதிதாக அடிப்பது மட்டும் வேண்டாம். இப்போது உங்களிடம் இருப்பது ஒரு பாகம் மாறிய நேர்மையான ரைஃபிள். அடித்த பிறகு இருப்பது போலி, அதோடு அடுத்து வாங்குபவர் லென்ஸோடு வந்து போல்ட்டைப் பார்த்ததும் சரியாக இருக்கும் மற்ற எண்களையும் நம்பமாட்டார். சில நாடுகளில் துப்பாக்கி எண்ணைத் திருத்துவது தனிக் குற்றம் வேறு. வேறு எண்ணுள்ள போல்ட் என்று எழுதி ஒரு சீட்டுக் கட்டி வைத்துவிட்டு, அதற்கேற்ற விலையில் வாங்குங்கள், விற்கும்போதும் அப்படியே சொல்லி விற்றுவிடுங்கள்.